பாட்டுப் பெட்டியின் கட்டளை மொழி

வீட்டின் ஒரு மூலையில் சிறு கணிப்பொறி ஒன்று ஓசையின்றி இயங்கிக்கொண்டிருக்கிறது. அதன் நினைவகத்தில் பல்லாயிரம் பாடல்கள் இருக்கின்றன. ஒலிபெருக்கி கூடத்தில் இருக்கிறது. மாடியறையில் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தொடுகிறார்; கூடத்தில் பாட்டு எழுகிறது. இன்று இது யாரையும் வியக்க வைப்பதில்லை. ஆனால் விரல் தொட்டதற்கும் பாட்டு எழுந்ததற்கும் இடையில் மாடியிலிருந்து கீழே சென்றது என்ன? பல வீடுகளில் சென்றது ஒரு சிறிய ஆங்கிலச் சொல்தான். அதுவும் எழுத்தெழுத்தாக, யாரும் படித்துவிடக்கூடிய வடிவில்.

எட்டி நின்று ஓர் இசைப்பெட்டியைப் பாடச் சொல்வதற்கு மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். சொல்ல வேண்டியதை எந்த வடிவில் அனுப்புவது? அது சரியாகப் போய்ச் சேர்ந்ததை எப்படி அறிவது? பலர் ஒரே பெட்டிக்குக் கட்டளையிட்டால் என்ன செய்வது? இவற்றுக்கு இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விடைகளின் தொகுப்பையே கணிப்பொறித் துறையில் ‘புரோட்டோகால்’, அதாவது நெறிமுறை, என்கிறார்கள். கணிப்பொறி பிறப்பதற்கு முன்பே இசைப்பெட்டிகள் இக்கேள்விகளைச் சந்திக்கத் தொடங்கிவிட்டன. அந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

காசே கட்டளை

1889ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் ‘பாலே ராயல்’ என்ற மதுக்கூடத்தில் லூயி கிளாஸ் என்பவர் ஒரு புதுமைப் பெட்டியை வைத்தார். அதனுள் எடிசனின் ஃபோனோகிராஃப் ஒன்று, மெழுகு உருளையுடன் மின்கலத்தால் இயங்கியது. பெட்டியிலிருந்து நான்கு காதுக்குழாய்கள் வெளியே வந்தன. ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனிக் காசுத் துளை உண்டு. ஐந்து சென்ட் நாணயத்தைப் போட்டுக் குழாயைக் காதில் வைத்தால் பாட்டுக் கேட்கும்.

இப்பெட்டிக்குத் தெரிந்த கட்டளை ஒன்றே: ‘பாடு’. அந்தக் கட்டளையின் வடிவம் நாணயம். உருளை ஒன்றே ஆதலால், எந்தப் பாட்டு என்ற கேள்விக்கு இடமே இல்லை. பெட்டியும் கேட்பவரும் கைக்கெட்டும் தொலைவில் இருந்ததால், கட்டளை சேர்ந்ததா என்ற ஐயமும் எழவில்லை.

1927ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஏ.எம்.ஐ. நிறுவனம் மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கி, பல தட்டுகளில் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கவும் வழிசெய்த பெட்டியை வெளியிட்டது. கூடம் முழுவதும் கேட்கும் இசை வந்துவிட்டது. ஆனால் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் எழுந்து பெட்டி வரை நடந்தாக வேண்டும். இசை தொலைவுக்குச் சென்றது, கட்டளை செல்லவில்லை.

கம்பியின் மறுமுனையில் ஒரு குரல்

1939ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் கென் ஷைவர்ஸ் என்பவர் ‘மல்ட்டிஃபோன்’ என்ற அமைப்பை உருவாக்கினார். உணவுவிடுதியின் மேசை மேல் சிறு பெட்டி ஒன்று இருக்கும். காசு போட்டால் அது தொலைபேசிக் கம்பி வழியாக நகரின் வேறோரிடத்தில் இருந்த நிலையத்துடன் பேசும். அங்கே இசைத்தட்டுகளுடன் பெண் ஆபரேட்டர்கள் அமர்ந்திருந்தார்கள். வாடிக்கையாளர் பாட்டைச் சொல்வார். ஆபரேட்டர் அத்தட்டை எடுத்துக் கையால் சுழலவிடுவார். இசை மற்றொரு கம்பி வழியாக விடுதிக்கு வந்து சேரும்.

நூலகம் ஓரிடத்தில், கேட்பவர் வேறிடத்தில், கட்டளை ஒரு கம்பியில், இசை இன்னொரு கம்பியில் என்ற இன்றைய வலையிசையின் அமைப்பு முழுவதும் இங்கே இருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, மறுமுனையில் இருந்த மனிதக் குரல். பாட்டின் பெயர் சரியாகக் கேட்கவில்லை என்றால் ஆபரேட்டர் ‘என்ன பாட்டு?’ என்று திருப்பிக் கேட்கலாம். அந்தத் தட்டு இல்லையென்றால் இல்லை என்று சொல்லலாம். நமது உணவு விடுதிகளில் பரிமாறுபவர் ‘இரண்டு தோசை’ என்று குரல் கொடுத்ததும், உள்ளிருந்து அதே சொற்கள் திரும்பி வருவதைக் கேட்டிருப்பீர்கள். திரும்பி வந்த குரலே கட்டளை சேர்ந்ததற்குச் சான்று. மல்ட்டிஃபோனின் பலமும் அதுவே. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒருவர் உழைக்க வேண்டியிருந்தது. 1959ஆம் ஆண்டு வரை இந்த அமைப்பு இயங்கியது.

துடிப்புகளின் கணக்கு

மனிதரின் இடத்தில் இயந்திரத்தை வைத்தது சிகாகோவின் சீபர்க் நிறுவனம். 1940களின் இறுதியில் அது வெளியிட்ட இசைப்பெட்டியில் 50 தட்டுகள். இரு பக்கங்களையும் சேர்த்து 100 பாடல்கள். விடுதியின் மேசைதோறும் வைப்பதற்காகச் சுவர்ப்பெட்டி என்ற சிறு தேர்வுப் பெட்டியையும் அது செய்தது. காசு போட்டு, ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் அழுத்தினால் போதும். கூடத்தின் கோடியில் உள்ள பெரிய பெட்டி அப்பாட்டைப் பாடும்.

பாட்டுக்கு ஒரு கம்பி என்று வைத்தால் மேசைக்கு 100 கம்பிகள் இழுக்க வேண்டும். இதற்கு மாற்றாகப் பொறியாளர்கள் தொலைபேசியின் வழியைப் பின்பற்றினார்கள். ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற தானியங்கித் தொலைபேசி இணைப்பகம், கம்பியில் வரும் மின்துடிப்புகளை எண்ணி இணைப்பைத் தேடியது. எண்வட்டைச் சுழற்றும் பழைய தொலைபேசியில் 5 என்று சுழற்றினால் வட்டு திரும்பும்போது ஐந்து துடிப்புகள் செல்லும். சுவர்ப்பெட்டியும் அவ்வாறே ஒரு தொகுதித் துடிப்புகளை அனுப்பி, சிறிது இடைவெளி விட்டு, மறு தொகுதியை அனுப்பியது. இரண்டு தொகுதிகளின் எண்ணிக்கைகளும் சேர்ந்து எந்தப் பாட்டு என்று சொல்லின. பெரிய பெட்டியில் இருந்த சுழல்விசை ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி நகர்ந்து உரிய இடத்தில் நின்றது.

முதல் கேள்விக்கு அருமையான விடை கிடைத்துவிட்டது. ஆனால் மறுமொழி சொல்ல ஆள் இல்லை. ஒரு துடிப்பு தவறினால் வேறு பாட்டு. அது தவறு என்று பெட்டிக்கும் தெரியாது. மூன்றாவது கேள்விக்கு இந்த இயந்திரம் தந்த விடை வேடிக்கையானது. ஒவ்வொரு பாட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டதா இல்லையா என்பது மட்டுமே அதன் நினைவில் இருந்தது. யார் முதலில் கேட்டார் என்பது இல்லை. பாட்டு எடுக்கும் பொறி தட்டு வரிசையில் நகர்ந்துகொண்டே போய், தேர்ந்தெடுக்கப்பட்டவற்றை எதிர்ப்பட்ட வரிசையிலேயே பாடியது. ஒரே பாட்டை இருவர் கேட்டிருந்தால் இரண்டு காசும் உள்ளே போகும்; பாட்டு ஒரு முறைதான் வரும்.

சொற்களால் பேசிய கணிப்பொறிகள்

அடுத்த திருப்பம் இசைத் துறைக்கு வெளியே நிகழ்ந்தது. 1969ஆம் ஆண்டில் ‘ஆர்ப்பாநெட்’ என்ற கணிப்பொறி வலை அமெரிக்காவில் தொடங்கியது. வெவ்வேறு நிறுவனங்கள் செய்த, வெவ்வேறு உள்ளமைப்புக் கொண்ட கணிப்பொறிகள் அதில் ஒன்றோடொன்று பேச வேண்டியிருந்தது. எந்த மொழியில் பேசுவது?

1982ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்ட மின்னஞ்சல் நெறிமுறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் கட்டளைகள் எல்லாம் ‘ஹெலோ’, ‘மெயில்’, ‘குவிட்’ போன்ற நான்கெழுத்து ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் மூன்றிலக்க எண்ணுடன் மறுமொழி வந்தாக வேண்டும். 2 என்று தொடங்கினால் வெற்றி. 4 என்று தொடங்கினால் இப்போது முடியவில்லை, பிறகு முயலலாம். 5 என்று தொடங்கினால் முடியாது. சியாட்டில் ஆபரேட்டரின் குரல் மூன்று இலக்கங்களாக மறுபிறவி எடுத்துவிட்டது எனலாம்.

இயந்திரங்கள் பேசிக்கொள்வதற்குச் சொற்கள் எதற்கு? இரண்டொரு பிட்டுகளில் அடக்கியிருக்கலாமே என்று தோன்றும். காரணம் எளிது. சொற்களாக இருந்தால் ஒரு மனிதர் விசைப்பலகை முன் அமர்ந்து, தாமே கட்டளைகளைத் தட்டி, மறுமொழியைப் படித்துப் பார்க்கலாம். பிழை எங்கே என்று தேடுவதற்குத் தனிக் கருவி வேண்டியதில்லை, கண்ணே போதும்.

வீட்டுக்கு வந்த நூலகம்

1982ஆம் ஆண்டில் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. இசை எண்களாக மாறியது. விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, இடம், வலம் என இரண்டு தடங்களுக்கும் அளவு ஒன்றுக்கு 2 பைட்டுகள் வீதம் பதிந்தால், ஒரு விநாடி இசைக்கு 1,76,400 பைட்டுகள் ஆகும். 1990களில் பரவிய எம்.பி.3 முறை இதனை ஏறத்தாழப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கியது. 2000ஆம் ஆண்டையொட்டி, பலர் வீட்டில் இருந்த தட்டுகளையெல்லாம் கணிப்பொறியின் வன்தட்டில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் கணிப்பொறி படிப்பறையில் இருந்தது. நல்ல ஒலிபெருக்கிகள் கூடத்தில் இருந்தன.

2001ஆம் ஆண்டில் ‘ஸ்லிம் டிவைசஸ்’ என்ற சிறு அமெரிக்க நிறுவனம் ‘ஸ்லிம்பி3’ என்ற கருவியை விற்கத் தொடங்கியது. கூடத்தில் இருக்கும் இந்தக் கருவிக்குச் சொந்த அறிவு மிகக் குறைவு. பாடல்களைத் தேடுவது, வரிசைப்படுத்துவது, திரையில் என்ன எழுத்து தெரிய வேண்டும் என்று முடிவுசெய்வது எல்லாம் படிப்பறைக் கணிப்பொறியில் இருந்த ‘ஸ்லிம்சர்வர்’ என்ற வழங்கியின் வேலை. தொலைவிசையை அழுத்தினால் அதுகூட வழங்கிக்கே அனுப்பப்பட்டது.

இந்த வழங்கிக்கு ஒரு கட்டளை மொழியும் இருந்தது. அதில் கேள்வி கேட்கும் முறை நமது பள்ளித் தேர்வுத்தாளை நினைவூட்டும். ஒலி அளவை அறிய ‘மிக்சர் வால்யூம் ?’ என்று அனுப்பினால், வழங்கி அதே வரியைக் கேள்விக்குறி இருந்த இடத்தில் விடையை எழுதி, ‘மிக்சர் வால்யூம் 98’ என்று திருப்பி அனுப்பும். கோடிட்ட இடத்தை நிரப்பியாயிற்று! கட்டளை சேர்ந்ததற்குச் சான்றும் விடையும் ஒரே வரியில் வந்துவிடுகின்றன.

எம்.பி.டி.யின் உரையாடல்

2003ஆம் ஆண்டில் வாரன் டியூக்ஸ் என்பவர் ‘மியூசிக் பிளேயர் டீமன்’ என்ற நிரலை எழுதி, மூல வரிகளுடன் எவரும் பயன்படுத்தும்படி வெளியிட்டார். சுருக்கமாக எம்.பி.டி. டீமன் என்பது பின்னணியில் கண்ணுக்குத் தெரியாமல் உழைக்கும் நிரல். இயற்பியலில் மாக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளை ஓயாமல் பிரித்துக்கொண்டிருக்கும் குட்டிப்பூதத்தை நினைத்து, 1960களில் எம்.ஐ.டி. கணிப்பொறியாளர்கள் இப்பெயரை வழங்கினார்கள்.

எம்.பி.டி.க்குத் திரை இல்லை, பொத்தான் இல்லை. வலையில் 6600 என்ற எண்ணுள்ள வாயிலில் அது காத்திருக்கும். யாரேனும் இணைந்ததும் ‘ஓகே எம்.பி.டி.’ என்று தன் பெயரையும், தான் பின்பற்றும் நெறிமுறையின் பதிப்பு எண்ணையும் சொல்லும். பிறகு வரிக்கு ஒரு கட்டளை: பாட ‘பிளே’, நிறுத்த ‘ஸ்டாப்’, அடுத்த பாட்டுக்கு ‘நெக்ஸ்ட்’, ஒலி அளவுக்கு ‘செட்வால் 70’, நிலவரம் அறிய ‘ஸ்டேட்டஸ்’. விடை எத்தனை வரிகளாக இருந்தாலும் கடைசியில் ‘ஓகே’ என்ற ஒரு வரி வரும். பதில் முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

பிழை நேர்ந்தால் வரும் வரி ‘ஏசிகே’ என்று தொடங்கும். மற்றப் பல நெறிமுறைகளில் இவ்வெழுத்துகள் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற பொருள் தரும், எம்.பி.டி.யில் மட்டும் தலைகீழாகத் தோல்வியைக் குறிக்கின்றன. அதன் பின் இரண்டு எண்கள் வரும். முதலாவது பிழையின் வகை. எடுத்துக்காட்டாக 50 என்றால் கேட்ட பொருள் இல்லை. இரண்டாவது, பல கட்டளைகளைக் கட்டாக அனுப்பியிருந்தால், அவற்றுள் எது தவறியது என்பது. எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்குவதால் 3 என்றால் நான்காவது கட்டளை.

சொற்களால் பேசுவது வீண் செலவு என்போருக்கு ஒரு கணக்கு. ‘பிளே’ என்பதற்கு ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகள்; வரி முடிவுக்குறியுடன் 5 பைட்டுகள். குறுந்தட்டின் ஒரு விநாடி இசையில் இது 35,280இல் ஒரு பங்கு. கட்டளையைச் சுருக்கி மிச்சம் பிடிப்பதில் பயன் ஏதும் இல்லை. மேலும், இந்நெறிமுறையில் பெயர்கள் யூ.டி.எஃப்.-8 என்ற உலகப் பொதுக் குறியீட்டில் எழுதப்படுகின்றன. அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் கொள்ளும். ‘மழை’ என்ற சொல்லுக்கு 9 பைட்டுகள். ஆகவே தமிழ்ப் பாட்டைத் தமிழ்ப் பெயராலேயே தேடலாம்.

ஐந்து பேர், ஒரு பெட்டி

மூன்றாவது கேள்விக்கு வருவோம். பாடல் வரிசையில் பத்துப் பாடல்கள் இருக்கின்றன. அக்கா சமையலறையிலிருந்து மூன்றாம் பாட்டை நீக்குகிறார். அதே நொடியில் தம்பி மாடியிலிருந்து ஐந்தாம் பாட்டைப் பாடச் சொல்கிறான். அக்காவின் கட்டளை முந்திவிட்டால், தம்பி திரையில் பார்த்த ஐந்தாம் பாட்டு இப்போது நான்காம் இடத்துக்கு நகர்ந்திருக்கும். ‘ஐந்தாவதைப் பாடு’ என்ற கட்டளை சரியாகவே சேர்ந்தும், ஒலிப்பது வேறு பாட்டு.

எம்.பி.டி. இதற்கு ஓர் எளிய வழி கண்டது. வரிசையில் சேரும் ஒவ்வொரு பாட்டுக்கும் இட எண்ணோடு, மாறாத அடையாள எண் ஒன்றையும் அது தருகிறது. வகுப்பில் மாணவர் எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் பதிவெண் மாறுவதில்லை அல்லவா? அடையாள எண்ணைச் சொல்லிப் பாடவோ நீக்கவோ கேட்டால், யார் எதை நகர்த்தியிருந்தாலும் தவறு நேராது. வரிசை மாறும்போதெல்லாம் அதற்கொரு பதிப்பு எண்ணும் கூடுகிறது. ‘எனக்குத் தெரிந்த பதிப்புக்குப் பின் மாறியவை எவை?’ என்று கேட்டு, அவற்றை மட்டும் பெறலாம்.

இன்னொரு சிக்கல், ஒருவர் செய்த மாற்றம் மற்றவர் திரைக்கு எப்படித் தெரியும் என்பது. தொடக்கத்தில் ஒவ்வொரு கைக்கருவியும் ‘இப்போது என்ன நிலவரம்?’ என்று மீண்டும் மீண்டும் கேட்க வேண்டியிருந்தது. விநாடிக்கு ஒரு முறை என்றால் ஒரு கருவி நாளொன்றுக்கு 86,400 முறை கேட்கும். ஐந்து கருவிகள் 4,32,000 முறை. பெரும்பாலும் விடை ஒன்றே: மாற்றம் இல்லை. 2008ஆம் ஆண்டில் வந்த 0.14 பதிப்பில் ‘ஐடில்’ என்ற கட்டளை சேர்க்கப்பட்டது. இதனை அனுப்பினால் வழங்கி உடனே விடை சொல்லாது. ஏதேனும் மாறும் வரை அமைதியாக இருந்து, மாறியதும் ‘சேஞ்ச்டு’ என்று சொல்லி, மாறியது பாட்டா, ஒலி அளவா, வரிசையா என்று தெரிவிக்கும். வண்டி வந்துவிட்டதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை நிலைய அதிகாரியைக் கேட்பதற்குப் பதிலாக, மணி அடிக்கும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருப்பது போன்றது இது.

எம்.பி.டி.யின் மொழிக்குக் குறையும் உண்டு. எல்லாம் வெளிப்படையாகச் செல்வதால் கடவுச்சொல்லும் அப்படியே செல்கிறது. வீட்டு வலைக்குள் இது பொருந்தும். பொதுவெளியில் திறந்துவைக்கத் தகாது.

மொழி யாருடையது?

இதுவரை கண்டவை தொழில்நுட்ப நுணுக்கங்கள். இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: இந்த மொழியைக் கற்க யாருக்கு உரிமை?

2003ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐட்யூன்ஸ் நிரலில், வீட்டு வலையில் பாடல்களைப் பகிரும் வசதியைத் தந்தது. அதன் நெறிமுறையை அது வெளியிடவில்லை. ஆர்வலர்கள் கம்பியில் செல்வதைக் கவனித்து அம்மொழியைக் கற்று, தங்கள் நிரல்களையும் அதனுடன் பேச வைத்தார்கள். 2006ஆம் ஆண்டில் வந்த ஐட்யூன்ஸ் 7 அடையாளம் சரிபார்க்கும் முறையை மாற்றியது. வெளியார் நிரல்கள் அதன் பாடல்களைப் பெற முடியாமல் போயிற்று. பாடல்களும் கணிப்பொறியும் வலையும் வீட்டுக்காரருடையவை. மொழி மட்டும் வேறொருவருடையது.

அதே 2006ஆம் ஆண்டில் ஸ்லிம் டிவைசஸ் நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது. 2012ஆம் ஆண்டில் அந்தக் கருவிகளின் வரிசையே கைவிடப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அவற்றுக்கென நிறுவனம் நடத்திவந்த இணையச் சேவையும் மூடப்பட்டது. வழக்கமாக இத்துடன் கருவிகள் வெறும் பெட்டிகளாகியிருக்கும். அப்படி ஆகவில்லை. வழங்கி நிரலின் மூல வரிகள் தொடக்கத்திலிருந்தே வெளிப்படையானவை. அதன் கட்டளை மொழியும் எழுதிவைக்கப்பட்டிருந்தது. பயனர்களே அதனைத் தொடர்ந்து பேணி, 2024ஆம் ஆண்டில் ‘லிரியன்’ என்ற புதுப் பெயரும் சூட்டினார்கள். ராஸ்பெரி பை போன்ற கையளவுக் கணிப்பொறிகள் அதே மொழியைப் பேசும் புதிய பாட்டுக் கருவிகளாக வேலை செய்கின்றன. விற்ற நிறுவனம் கைவிட்ட பின்னும் பழைய பெட்டிகள் பாடுகின்றன.

இதைவிடப் பழைய சான்றும் உண்டு. பழம்பொருளாகிவிட்ட சீபர்க் சுவர்ப்பெட்டிகளை வாங்கி, அவற்றின் கம்பிகளைச் சிறு கணிப்பொறியுடன் இணைக்கும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். பெட்டி பழையபடி துடிப்புகளை அனுப்புகிறது, கணிப்பொறி எண்ணுகிறது, எண்ணிக்கையை இன்றைய கட்டளையாக மாற்றி இசை வழங்கிக்கு அனுப்புகிறது. 1949இன் பொத்தானுக்கு இன்றைய வழங்கி பாடுகிறது. இது முடிவதற்குக் காரணம், அந்தத் துடிப்புகளில் ஒளிவுமறைவு இல்லை என்பதே. பொறுமையாக எண்ணத் தெரிந்தவர் எவரும் அம்மொழியைக் கற்றுவிடலாம்.

கணிப்பொறி பயிலும் மாணவர்கள் எம்.பி.டி.யைத் தங்கள் கணிப்பொறியில் நிறுவி, டெல்நெட் போன்ற எளிய நிரலால் 6600ஆம் வாயிலுக்கு இணைந்து, தங்கள் கையாலேயே ‘ஸ்டேட்டஸ்’ என்று தட்டிப் பார்க்கலாம். வரும் வரிகளைப் படிக்க எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. பேசும் கருவிகள் வீடுதோறும் பெருகிவரும் இக்காலத்தில், ஒன்றை வாங்கும் முன் அதன் விலையோடும் ஒலியின் தரத்தோடும் சேர்த்து, அது என்ன மொழி பேசுகிறது, அம்மொழி எங்கேனும் எழுதிவைக்கப்பட்டிருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்வது நல்லது. செய்த நிறுவனம் போன பிறகு அந்தக் கருவி பாடுமா என்பது அந்த விடையைப் பொறுத்தது.